காது நுனியில் ஒரு சொட்டு

காலையில் கால்நடை மருந்தகத்தைத் திறக்கும் முன்பே மாட்டுக்காரர் ஒருவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் அடியில் நாலு விரற்கடை உயரத்துக்குக் கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம். "நேத்துப் பொழுதோட இருந்து இப்படித்தான் போகுதுங்க டாக்டரம்மா. தீனியும் எடுக்கல, அசையும் போடல." ஜெர்சி கலப்புப் பசு, மூன்றாம் ஈத்து, கன்று போட்டு நாலு மாதம் ஆகிறது. பாட்டிலை ஜன்னல் திட்டில் அசையாமல் வைக்கச் சொல்லிவிட்டு, அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து கட்டுத்தரைக்குப் போனேன்.

மாட்டுக்குக் காய்ச்சல் 106 டிகிரி. கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெளுப்பு, அந்த வெளுப்பிலும் லேசாக மஞ்சள் ஓடுகிறது. மடிக்கும் தொடைக்கும் நடுவே உண்ணி கொத்துக் கொத்தாக. இவ்வளவும் சேர்ந்திருந்தால் பபேசியா, அதாவது சிவப்பணுவுக்குள் புகும் ஒட்டுண்ணி, என்று சொல்ல ரொம்ப அனுபவம் வேண்டாம், நேராக ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம், பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், வேலைச் சுமை அப்படி. ஆனாலும் ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தத்தை நான் எடுத்தே தீருவேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

காது நுனியில் முடியைச் சிரைத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அது முழுதும் காயும்வரை பொறுத்து, ஊசி முனையால் ஒரு குத்து. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும், இரண்டாவது சொட்டுதான் நமக்கு. கழுத்து நாளத்தில் எடுத்தால் நிறைய ரத்தம் கிடைக்கும், சரி, ஆனால் ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் காது நுனி போன்ற இடத்தின் நுண்ணிய குழாய்களில் தேங்கி நிற்கும் வாய்ப்பு கூடுதல். ஸ்லைடின் ஒரு ஓரத்தில் சொட்டை வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்வாகப் பிடித்து, அதன் விளிம்பை மெல்லப் பின்னால் கொண்டுவந்து சொட்டைத் தொட வைத்தால் ரத்தம் அந்த விளிம்பு நெடுக ஓடிப் பரவும். அந்த நொடியில் தயங்காமல் ஒரே தள்ளு. கை நடுங்கினால் வரி வரியாக விழும், அழுத்தினால் அணுக்கள் கிழியும். சரியாக வந்தால் கட்டைவிரல் நகம் போல ஒரு படலம், நுனியில் இறகு போல மெலிந்து முடியும். அதைக் காற்றில் வீசி உடனே காய வைக்க வேண்டும். கட்டுத்தரையில் ஸ்லைடைத் திண்ணையில் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கத் திரும்பினால் ஈ உட்கார்ந்து பாதியைத் தின்றுவிடும். படித்து முடித்து வந்த புதிதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

மருந்தகத்துக்குத் திரும்பி லீஷ்மேன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிஷம், அதன் மேல் இரண்டு மடங்கு தாங்கல் கரைசல் விட்டுப் பத்து நிமிஷத்துக்கு மேல், அப்புறம் கழுவிக் காயவைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸைக் கீழே இறக்கினேன். இளஞ்சிவப்புத் தட்டுகளாக மாட்டின் சிவப்பணுக்கள். அவற்றில் ஒன்றுக்குள் இரண்டு பேரிக்காய்கள், கூர்முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி, ஊதா நிறத்தில். பக்கத்துப் பார்வைப் புலத்தில் இன்னொரு ஜோடி. பபேசியா பைஜெமினாவுக்குப் பெயரே அந்த இரட்டையால் வந்ததுதான். அவரைக் கூப்பிட்டு ஐபீஸில் கண்ணை வைக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பூச்சிதாங்களா?" என்றார். இதுதான், உண்ணி கடிக்கும்போது உள்ளே விட்டுவிட்டுப் போனது என்றேன். ஊசி போட்ட பிறகு உண்ணி மருந்து அடிப்பதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே கட்டுத்தரைச் சுவரின் சந்துகளுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

(இந்த உண்ணி சங்கதியை அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் எழுதி வெளியிட்டார்கள். அங்கே அதற்குப் பெயர் டெக்சாஸ் காய்ச்சல். மலேரியாவையும் கொசுவையும் ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் முடிச்சுப் போட்டது 1897-இல். மாட்டுக்கான பதில் மனிதனுக்கான பதிலை விட நாலு வருஷம் முந்தி வந்தது என்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.)

ஜன்னல் திட்டில் வைத்த பாட்டிலுக்கு வருகிறேன். நாங்கள் போய்த் திரும்பிய இரண்டு மணி நேரத்தில் அது அப்படியே இருந்தது, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், அடியில் வண்டல் இல்லை. இது எளிமையான, காசில்லாத சோதனை, மாடு வைத்திருக்கும் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூத்திரத்தில் முழு ரத்தம் கலந்து போயிருந்தால் அசையாமல் வைத்தபோது சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே தெளியும். அது சிறுநீர்ப் பையிலோ சிறுநீரகத்திலோ புண்ணோ கட்டியோ இருக்கிறது என்று காட்டும். நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் ஒருவகைப் பெரணியை வருஷக்கணக்கில் மேய்ந்த மாடுகள் ரத்தமாகப் போவது இந்த வகை. தெளியாமல் ஒரே நிறமாக நின்றால் அணுக்கள் ரத்த ஓட்டத்துக்குள்ளேயே உடைந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் மட்டும் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. அனாப்ளாஸ்மா என்ற கிருமியும் உண்ணியால்தான் வருகிறது, சிவப்பணுவின் விளிம்பில் பொட்டு வைத்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும், அதிலும் மாடு வெளுத்துப் போகும், மஞ்சளாகும், ஆனால் மூத்திரம் சிவக்காது. அங்கே அணுக்கள் மண்ணீரலில் விழுங்கப்படுகின்றன, ரத்தக் குழாய்க்குள் உடைவதில்லை. அணு எங்கே உடைகிறது என்பதை மூத்திரத்தின் நிறம் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் ஏன் ஸ்லைடு பார்க்காமல் ஊசி போடுவதில்லை என்றேனே, அதற்குக் காரணம் ஓர் எருமை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். கன்று போட்டு மூன்று வாரம், நல்ல கறவை, காப்பி நிறத்தில் மூத்திரம். உடம்பில் நாலைந்து உண்ணி இருந்தது. மாலை இருட்டிவிட்டது, மைக்ராஸ்கோப் மருந்தகத்தில், நான் எட்டு கிலோமீட்டர் தள்ளி. பபேசியாவுக்கான ஊசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். காய்ச்சல் இல்லையே என்ற உறுத்தல் இருந்தது, ஆனாலும் வந்துவிட்டேன். மறுநாள் காலை எருமை எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் ரத்தம் எடுத்தேன். ஸ்லைடில் ஒரு ஒட்டுண்ணியும் இல்லை. அது பாஸ்பரஸ் குறைவு. கன்று போட்டுக் கறவை ஏறும் வாரங்களில் பாஸ்பரஸ் பாலில் போய்க்கொண்டே இருக்கும், தீனியில் அது குறைவாக இருந்தால் சிவப்பணு தன் சக்தியைத் தயாரிக்க வழியில்லாமல் சவ்வு தளர்ந்து உடையும். எருமைகளில் இது நன்கு தெரிந்த நோய், பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. பாஸ்பரஸ் உப்பை நாளத்தில் ஏற்றினோம், அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. முந்தின நாளே ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பையில் ஸ்லைடு டப்பா இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போவதில்லை.

சரி, அந்தச் சிவப்பணுவுக்கு வருவோம். மனித மருத்துவம் படித்தவர்களுக்கு ஒரே ஒரு சிவப்பணு, எங்களுக்கு ஒவ்வொரு பிராணிக்கும் ஒவ்வொன்று. நாயின் அணு ஏழு மைக்ரான், கிட்டத்தட்ட மனிதனுடையதைப் போலவே, நடுவில் குழிந்து அந்த இடம் வெளிறித் தெரியும். மாட்டினுடையது ஐந்தரை மைக்ரான் போல, நடு வெளிறல் ரொம்ப லேசு. ஆட்டினுடையது இன்னும் சின்னது, வெள்ளாட்டுக்கு மூன்றிலிருந்து நான்கு மைக்ரான்தான், மனித அணுவின் குறுக்களவில் ஏறத்தாழ பாதி. சின்னதாக இருப்பதால் எண்ணிக்கையில் ஈடுகட்டும். ஒரு கன மில்லிமீட்டரில் நாய்க்கு ஐம்பத்தைந்து முதல் எண்பத்தைந்து லட்சம் இருந்தால், வெள்ளாட்டுக்கு எண்பது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரை இருக்கும். ஒட்டகத்துக்கு நீள்வட்டம், தாகத்தோடு வந்து ஒரே மூச்சில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்த அணு இரண்டு மடங்குக்கு மேல் ஊதியும் வெடிக்காது. கோழிக்கும் நீள்வட்டம்தான், ஆனால் நடுவில் உட்கரு இருக்கும். பாலூட்டிகளின் சிவப்பணு மட்டும்தான் உட்கருவைத் துறந்துவிட்டுச் சுற்றுகிறது. பறவை, பாம்பு, தவளை, மீன் எல்லாவற்றுக்கும் உட்கரு உண்டு.

வாழ்நாளும் அப்படியே வேறுபடும். நாயின் சிவப்பணு நூற்றுப்பத்து நாள் போல வாழும், பூனையினுடையது எழுபது, மாட்டினுடையது ஐந்து மாதம் போல, கோழியினுடையது ஒரே மாதம்தான். ஆகவே ரத்தச் சோகை வந்தால் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை அனுப்புகிறதா என்று பார்க்கும் விதமும் மாறும். நாயில் ஊதா கலந்த பெரிய இளம் அணுக்கள் நிறையத் தெரியும். மாட்டில் சோகை ஆரம்பித்து நாலைந்து நாள் கழித்து, அணுக்களின் மேல் மையைத் தெளித்தது போல நீலப் புள்ளிகள் வரும். மனித ஆய்வகத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தால் ஈய விஷமோ என்று யோசிப்பார்கள், எங்களுக்கு அது நல்ல செய்தி. பாட்டில் கொண்டுவந்த அவருடைய ஜெர்சிக்கு ஆறாம் நாள் எடுத்த ஸ்லைடில் அந்த நீலப் புள்ளிகளைப் பார்த்தபோதுதான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். குதிரை மட்டும் பிடி கொடுக்காது, எவ்வளவு சோகை வந்தாலும் இளம் அணுக்களை மஜ்ஜையை விட்டு வெளியே அனுப்பாது, ரத்தத்தில் தேடிப் பயனில்லை.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைக்கும் விஷயம். கால்நடைக்கென்று ஆய்வகம் இல்லாத ஊர்களில் ரத்தத்தை எடுத்துப் பக்கத்து மனித லேபில் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளோடு எங்களிடம் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வேறு வழி இல்லை. ஆனால் அந்த இயந்திரம் அணுவை அதன் பருமனை வைத்துத்தான் பிரிக்கிறது. இவ்வளவு பெரிதாக இருந்தால் சிவப்பணு, அதை விடச் சின்னதாக இருந்தால் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் அணு, என்று மனித அளவில் கோடு போட்டு வைத்திருக்கிறது. வெள்ளாட்டின் சிவப்பணு அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். இயந்திரம் அதைப் பிளேட்லெட் என்று எண்ணிவிடும். தாளில் சிவப்பணு படுபாதாளம், பிளேட்லெட் வானத்தில். ஹீமோகுளோபின் மட்டும் ஓரளவு சரியாக இருக்கும், ஏனென்றால் அங்கே அணுவை எண்ணுவதில்லை, உடைத்து நிறத்தை அளக்கிறார்கள். அந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைப் பார்த்தாலே ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். ஆனால் தாளின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் போட்ட அம்புக்குறிகளைப் பார்த்துப் பயந்து வருபவருக்கு அது எப்படித் தெரியும்?

பூனைக்கு இதற்கு நேர்மாறு. அதன் பிளேட்லெட் பெரிது, போதாக்குறைக்கு ஊசி உள்ளே போன பயத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கொள்ளும். இயந்திரம் கட்டியை எண்ணாமல் விட்டுவிடும். பிளேட்லெட் முப்பதாயிரம் என்று தாளில் வரும், வீட்டில் எல்லாரும் பதறிப்போவார்கள். ஸ்லைடின் இறகு நுனிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே பிளேட்லெட்கள் திராட்சைக் கொத்து போலக் குவிந்து கிடக்கும். பூனைக்கு ஒன்றும் இல்லை. கோழி ரத்தத்தை அந்த இயந்திரத்தில் வைக்கவே கூடாது. சிவப்பணுவுக்கும் உட்கரு, பிளேட்லெட் வேலையைச் செய்யும் அணுவுக்கும் உட்கரு, உட்கரு உள்ளதெல்லாம் வெள்ளையணு என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கோழிக்கு இன்றும் கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியில் கையால்தான் எண்ண வேண்டும்.

வெள்ளையணு சங்கதியும் இதே குழப்பம்தான். நாய்க்கு நியூட்ரோஃபில் என்ற வகை பெரும்பான்மை, மனிதனைப் போல. மாட்டுக்கும் ஆட்டுக்கும் லிம்ஃபோசைட் என்ற வகைதான் பெரும்பான்மை, ஆரோக்கியமாக நின்று அசைபோடும் மாட்டிலும் அப்படித்தான். "லிம்ஃபோசைட் அறுபது சதவீதம், அதிகம்" என்று அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு மாட்டுக்கு ரத்தப் புற்றுநோயா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான், பாவம், ராத்திரி தூங்கவில்லையாம். கர்ப்பப்பையில் சீழ் கட்டிய நாயின் வெள்ளையணு முப்பது நாற்பதாயிரத்துக்கு ஏறும். கடும் மடிநோய் வந்த மாட்டில் முதல் நாள் எண்ணிக்கை ஏறாது, இறங்கும். மாட்டின் மஜ்ஜையில் நியூட்ரோஃபில் கையிருப்பு குறைவு, இருந்ததெல்லாம் மடிக்கு ஓடிவிட்டது, ரத்தத்தில் மிச்சமில்லை. அந்தத் தாளைப் பார்த்து வெள்ளையணு கூடவில்லை, தொற்று இல்லை என்று முடிவு கட்டினால் மாடு போய்விடும். ஸ்லைடில் முதிராத நியூட்ரோஃபில்கள், குதிரை லாடம் போல வளைந்த உட்கருவோடு, அவசரமாக அனுப்பப்பட்டவை, வந்து நிற்கும். எண்ணிக்கையை விட அந்த லாடம்தான் எனக்கு முக்கியம். கோழிக்கு நியூட்ரோஃபிலே கிடையாது, அதற்குப் பதில் ஹெட்டரோஃபில், உள்ளே செங்கல் நிறத்தில் குச்சி குச்சியாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்த அணுக்களிலேயே அழகானது அதுதான் என்று நினைக்கிறேன்.

மூக்கில் ரத்தம் ஒழுகும் நாயை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி. பழுப்பு நாய் உண்ணி கொண்டுவருவது. 1935-இல் அல்ஜீரியாவில் முதலில் கண்டறிந்தது, பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டுகளை வரிசையாகக் கொன்றது. சில வாரம் காய்ச்சல் வந்து போய், நாய் சரியானது போலத் தெரிந்து, மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து பிளேட்லெட்டைத் தின்றுகொண்டே இருக்கும். மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள் ஊதா முசுக்கட்டைப் பழம் போல ஒரு குவியல் தெரிந்தால் அதுவே நோய், ஆனால் அது கண்ணில் படுவது அபூர்வம், அது தெரியாததால் நோய் இல்லை என்று சொல்லக் கூடாது. எண்ணக் கூடியது பிளேட்லெட். நூறு மடங்கு லென்ஸில் ஒரு பார்வைப் புலத்தில் தெரியும் ஒவ்வொரு பிளேட்லெட்டும் தோராயமாகப் பதினைந்தாயிரத்துக்குச் சமம். பத்துப் புலம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நல்ல நாய்க்குப் புலத்துக்குப் பத்துக்குக் குறையாமல் இருக்கும். மூக்கில் ரத்தம் ஒழுகியபடி வந்த ஒரு நாட்டு நாய்க்கு நான் பத்துப் புலத்திலும் சேர்த்து மூன்றுதான் எண்ணினேன். அப்படிப்பட்ட நாய்க்கு ஊசி குத்திய இடத்தை ஐந்து நிமிஷமாவது அழுத்திப் பிடித்திருங்கள், பஞ்சை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நாலு வாரம், இடையில் நிறுத்தக் கூடாது. நாலாம் நாளே நாய் துள்ளி விளையாடும், அப்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

சாயம் போடாத ரத்தத்தையும் பாருங்கள் என்று இளைய மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு சொட்டு, மேலே ஒரு கவர் கண்ணாடி, சூடு ஆறும் முன் பார்க்க வேண்டும். டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணி இருந்தால் முதலில் அதைப் பார்க்க மாட்டீர்கள், சிவப்பணுக்கள் ஒரு இடத்தில் மட்டும் கூட்டத்தில் யாரோ புகுந்து தள்ளுவது போல அசைவதைப் பார்ப்பீர்கள். அங்கே கண்ணை நிறுத்தினால், அணுக்களுக்கு நடுவே கண்ணாடி இழை போல ஒன்று நெளிந்து நெளிந்து முட்டிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் 1880-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில் இப்படித்தான் அதைப் பார்த்திருப்பார். ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் சுர்ரா என்ற நோயில் மெலிந்து மெலிந்து செத்துக்கொண்டிருந்தன, அவர் ரத்தத்தில் இந்த உயிரியைக் கண்டு இதுதான் காரணம் என்றார். அன்றைய பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் இருக்கும் சின்ன உயிரியெல்லாம் கெடுதல் செய்யாது என்பது அப்போதைய நம்பிக்கை. இன்று அந்த உயிரிக்கே டிரிபனோசோமா எவன்சி என்று அவர் பெயர். 1935 வரை, நூறு வயது வாழ்ந்தார், தான் சொன்னது சரி என்று உலகம் ஒத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பெரிய ஈக்கள் கடித்து இது இங்கேயும் பரவுகிறது, மாட்டுக்கும் வரும், நாய்க்கும் வரும். நாயின் கண் திடீரென்று நீலம் பாய்ந்து பால் படர்ந்தது போல ஆனால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று மட்டும். குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பை, பாரசிட்டமாலை, பூனைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை, அதன் ஹீமோகுளோபினும் மற்ற பிராணிகளினுடையதை விடச் சீக்கிரம் கெடும். ஈறு பழுப்பாகிவிடும், எடுக்கும் ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும், அணுக்களின் ஓரத்தில் குமிழ் குமிழாகப் புடைத்திருக்கும். மூச்சுக்குத் தவிக்கும். ஆக்சிஜன் உள்ளே போகிறது, ஆனால் அதைச் சுமக்க ஆள் இல்லை. உடனே கொண்டுவந்தால் மாற்று மருந்து உண்டு. மறைக்காமல், என்ன கொடுத்தோம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலும் பூனைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற முடியாது, பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் போனாலே உயிர் போய்விடும். நாய்க்கு முதல் தடவை ஏற்றும்போது அவ்வளவு பயம் இல்லை, இரண்டாம் தடவையில்தான் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு ரத்த வங்கி இருக்கிறது. பெரிய, ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட நாய் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, வெள்ளாடு வளர்க்கும் ஒரு பாட்டியைப் பற்றி. பதினாலு ஆடு. மழைக்கால முடிவில் மூன்று குட்டிகள் அடுத்தடுத்துச் செத்துப்போயின. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை, தாடைக்குக் கீழே மட்டும் பை போல நீர் தொங்கியது. நான்காவதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் ரத்தம் எடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஒரு முனையை அடைத்து, சுழற்றும் இயந்திரத்தில் ஐந்து நிமிஷம் வைத்தேன். மனித லேபின் எண்ணைப் போல இது ஏமாற்றாது, அணுக்கள் சின்னதோ பெரிதோ எல்லாம் அடியில் நெருங்கி உட்காரும், அந்த உயரத்தை அளந்துவிடலாம். ஆட்டுக்கு நூற்றுக்கு இருபத்திரண்டுக்குக் குறையக் கூடாது. குழாயில் இருந்தது ஒன்பது. மேலே நின்ற நீர் தண்ணீர் போலத் தெளிவு, ஆட்டுக்கு அது இயல்புதான், பச்சைத் தீனியின் மஞ்சளை ஆடு முழுதும் மாற்றிவிடும், மாட்டின் ரத்த நீர்தான் மஞ்சளாக நிற்கும். ஆட்டில் அது மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்திருந்தால் அணுக்கள் உள்ளேயே உடைகின்றன என்று நினைத்திருப்பேன். தெளிவாக இருக்கிறது, அணுக்கள் மட்டும் இல்லை. அப்படியானால் ரத்தத்தை யாரோ வெளியே எடுக்கிறார்கள். சாணத்தைப் பார்த்தேன், ஹீமான்கஸ் முட்டைகள் நிறைந்து கிடந்தன. நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் புழு, ஒன்று ஒரு நாளைக்கு ஒரு சொட்டுதான் குடிக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அந்தக் குட்டி பிழைத்தது. பாட்டியிடம் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் போட்ட அட்டை தயாரித்தார்கள், நல்ல சிவப்பிலிருந்து வெள்ளை வரை, அதை வைத்து எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்று பிரிப்பார்கள், எல்லா ஆட்டுக்கும் கண்டபடி கொடுத்துப் புழுவுக்கு மருந்து பழகிவிடாமல் இருக்க. என்னிடம் அந்த அட்டை இல்லை. நன்றாக இருந்த ஓர் ஆட்டின் இமையையும் அந்தக் குட்டியின் இமையையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். பாட்டி தன் கைவிரலாலேயே இரண்டையும் மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்து, "இது செம்பருத்தி, இது வெள்ளப்பூண்டு" என்றார்.

போன வாரம் போன் வந்தது. "கண்ணு, செவலைக்கு இன்னும் பூண்டு ஆகலை. ஆனா செம்பருத்தியும் இல்ல. கொண்டாரட்டா?" கொண்டு வாங்க பாட்டி, புழுக்கையும் ஒரு கை எடுத்துக்குங்க என்றேன். நாளைக் காலை வருகிறார்.